சோடா மெஷின் அட்டவணையில் விடுபட்ட கட்டம்

மியூன்ஸ்டர்,
ஏப்ரல் 5, சனிக்கிழமை

நுகர்வோர் சோதனை இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் ஆய்வுக்கூடத்தில் வாஷிங் மெஷின்களை ஆயிரம் முறை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும் நல்லவர்களும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். முழங்காலை நீக்கிவிட்டால் நானும் நலம். 1971 முதல் தங்கள் இதழுக்குச் சந்தா கட்டி வருகிறேன். என் கணவர் ஹெரிபெர்ட், நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு ஆண்டு இருந்தவர், தங்கள் இதழ்களை ஆண்டுக்கொரு தொகுப்பாக அட்டை கட்டி அலமாரியில் அடுக்கினார். எங்கள் மெத்தை, எங்கள் டோஸ்டர், கடைசிக் காலத்தில் அவர் போட்டுக்கொண்ட காது மெஷின் எல்லாம் தங்கள் சொல்லைக் கேட்டு வாங்கியவை. அவரை அடக்கம் செய்த நிறுவனத்தைக்கூடத் தங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் பிடித்தேன். 'நன்று' என்று போட்டிருந்தீர்கள், நன்றாகவே செய்தார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் நான் ஒரு குறைகூட எழுதியதில்லை. இதுதான் முதல்.

ஜனவரி இதழ், ஐம்பத்தெட்டாம் பக்கம். கண்ணாடி பாட்டில் வைத்து வீட்டிலேயே சோடா போடும் மெஷின்கள், பதினோரு மாதிரிகள். குமிழ் எவ்வளவு நேரம் நிற்கிறது, சத்தம் எவ்வளவு, பாட்டிலைக் கழுவ எளிதா, மேசையிலிருந்து விழுந்தால் உடையுமா என்று வரிசையாகக் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறீர்கள். அடியில், பதினொன்றுக்கும் பொதுவான நிறையாக, ஒரு வரி: 'இனி கிரேட் தூக்கும் தொல்லை இல்லை.' என் கடிதம் அந்த ஒரு வரியைப் பற்றியது. பன்னிரண்டு பாட்டில் அடுக்கிய பெட்டியைத் தூக்குவது தொல்லை என்று யார் சொன்னார்கள்? தூக்கியவரைக் கேட்டீர்களா? தூக்கி வந்தபின் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தங்கள் ஆய்வுக்கூடம் விசாரித்ததா?

நான் விவரமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரைகுறையாகப் புகார் எழுதுவது எனக்குப் பிடிக்காது. நான் குடியிருப்பது மூன்றாம் மாடி, ஐம்பத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. சோடாத் தண்ணீர் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது, அதுவும் கண்ணாடி பாட்டிலில் வந்ததாக இருக்க வேண்டும். உர்சுலா கன்னியர் பள்ளியில் ஒன்பது ஆண்டு விடுதியில் இருந்தவள் நான். தகரக் குவளையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி வளர்த்தார் எங்கள் சிஸ்டர் கனீசியா, அவர் பிளாஸ்டிக்கைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தது அவர் செய்த புண்ணியம். ஹெரிபெர்ட் இருந்தவரை கிரேட்டை அவர் தூக்கினார். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பாட்டில் திறப்பார், முதலில் எனக்கு ஊற்றுவார், "வால்புர்கா, இன்னும் கொஞ்சம்?" என்பார். ஆறு ஆண்டுக்கு முன் அவர் போனபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தரைத்தளத்தில் குடியிருக்கும் திரு. வெசல்மன், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், மனைவியை இழந்தவர், என்னைவிட ஐந்து வயது இளையவர், கையில் பன்னிரண்டு பாட்டில் கிரேட்டோடு நின்றார். "இந்தாங்க திருமதி ஹெசிங், உங்க தண்ணி. எனக்கு வாங்கப் போனேன், கார்ல எடம் இருந்துச்சு" என்றார். அதற்குப்பின் ஆறு ஆண்டு ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. தூக்கி வந்த களைப்பில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், நான் ஒரு கிளாஸ் சோடா வைப்பேன். முதலில் பத்து நிமிடம் மூச்சு வாங்கினார். இரண்டாம் ஆண்டு அரை மணி. சென்ற இலையுதிர்காலத்தில் அவருக்கு மூச்சு சீராக ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது, அதற்குள் நாங்கள் நகராட்சி, புதுப் பாதிரியாரின் பிரசங்கம், பதினான்காம் எண் பஸ்ஸின் வழித்தடத்தை மாற்றிய முட்டாள்தனம் எல்லாவற்றையும் பேசி முடித்திருப்போம்.

ஜனவரியில் ஒரு வெள்ளி, கிரேட்டை இறக்கி வைத்தவர் நிமிரவில்லை. அப்படியே குனிந்தபடி பேசினார்.

"டாக்டர் பாத்துட்டாருங்க. இனிமே அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதாம். உங்க கிரேட்டு பதினேழு கிலோ."

"பதினேழுன்னு யார் சொன்னது?"

"நிறுத்துப் பாத்தேங்க."

"எப்போ?"

"மொத வாரமே."

ஆறு ஆண்டாகத் தெரிந்தே தூக்கியிருக்கிறார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தபின் அவரே, "உங்க புஸ்தகத்துல சோடா போடற மெஷின் போட்டிருக்கானே, அத ஒண்ணு வாங்கிருங்க, உங்களுக்கும் நிம்மதி" என்றார். உங்களுக்கும் என்றாரே, அந்த 'உம்' எனக்கு அன்றைக்கு முழுதும் சரியாகப் படவில்லை.

தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது என்று என் மகள் உல்ரிகெ குறை சொல்கிறாள். பொருளை வாங்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது அதிகம். திரு. வெசல்மன் ஒவ்வொரு வெள்ளியும் நான்கு மணிக்குக் கடைகளின் விளம்பரத் தாள்களை எடுத்துக்கொண்டு மேலே வந்தார், அவை எடை குறைவு, டாக்டருக்கு ஆட்சேபணை இருக்க முடியாது. இருவரும் தங்கள் அட்டவணையை மேசையில் விரித்து இரண்டு வாரத்துக்கு ஒரு மெஷினாகப் பார்த்தோம். தாங்கள் முதலிடம் கொடுத்ததன் உயரம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், என் அலமாரிக்கு அடியில் இருக்கும் இடம் நாற்பத்தொன்று. இரண்டாவது கறுப்பு, சமையலறையில் கறுப்புக்கு என்ன வேலை? மூன்றாவதற்குக் கண்ணாடி பாட்டில்தான், ஆனால் அடியில் பிளாஸ்டிக் பாதம் ஒட்டியிருக்கிறது. அதைக் கண்ணாடி பாட்டில் என்று தாங்கள் அச்சடித்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நான்காவதன் பெயரை உச்சரிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னும் எத்தன பாக்கி?" என்று கேட்டார் திரு. வெசல்மன். "ஏழு" என்றேன். "அப்ப கோடை வரைக்கும் ஓடும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார். அந்த வாரங்களில் சோடாவை நானே இரண்டிரண்டு பாட்டிலாகப் பையில் போட்டு மேலே கொண்டுவந்தேன், ஆனாலும் எனக்கு முழங்கால் வலியே இல்லை.

கெடுத்தவள் உல்ரிகெ. ஹாம்பர்க்கிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசுவாள். "அம்மா, இன்னுமா வாங்கல? அது சோடா மெஷின்மா, நீ என்ன மாப்பிள்ளையா பாக்குற?" என்றாள். "சனிக்கிழமைக்குள்ள வாங்கலன்னா நானே ஒண்ண ஆர்டர் போட்டு அனுப்பிருவேன், கறுப்புல" என்றாள். பெற்ற மகள் எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள்.

ஆகவே கடைக்குப் போனோம். நான் தனியாகவே போயிருப்பேன், ஆனால் பெட்டி நாலரை கிலோ, அவருக்கு அனுமதித்த எடைக்குள்தான் இருக்கிறது என்று திரு. வெசல்மன் கணக்குச் சொன்னார். விற்பனைப் பகுதியில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும், தலைமுடியை ஆரஞ்சு நிறமாக்கியிருந்தார். "எத்தன பேருக்குங்க?" என்று கேட்டார். என்ன கேள்வி இது? என் வாழ்க்கையில் இதைவிடக் கடினமான கேள்வியை வாய்மொழித் தேர்வில்கூட யாரும் கேட்டதில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரு. வெசல்மன், "வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு பேரு" என்றார். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு என் பக்கம் குனிந்து, "உங்க வீட்டுக்காரர் நல்லா தமாஷ் பண்றாரே" என்றார். ஆசிரியர் அவர்களே, நான் பிழையைக் கண்டால் திருத்தாமல் விடாதவள். பாதிரியாரின் லத்தீனைத் திருத்தியிருக்கிறேன். தங்கள் 1988 நவம்பர் இதழில் ஒரு கூட்டல் தவறியிருந்ததை ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். அன்று திருத்தவில்லை. ஐந்தாம் இடத்து மெஷினை, வெள்ளி நிறம், முப்பத்தொன்பது சென்டிமீட்டர், முழுக் கண்ணாடி பாட்டில் இரண்டு சேர்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் பட்டது தனிக்கதை. சிலிண்டரைத் திருகிப் பொருத்தினேன். பாட்டிலில் கோடு வரைதான் தண்ணீர் என்று கையேட்டில் இருந்ததை, இவ்வளவு குறைவாக யார் குடிப்பார்கள் என்று கழுத்து வரை ஊற்றினேன். பாட்டிலை உள்ளே வைத்து மூடிப் பிடியை அழுத்தினேன். அது ஒரு கூச்சல் போட்டது பாருங்கள், மதியம் ஒன்றரை மணி, வீடே ஓய்வில் இருக்கிற நேரம், இரண்டாம் மாடி கணக்கு ஆசிரியர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறார், தண்ணீர் பக்கவாட்டில் பீறி ஜன்னல் திரை, ரொட்டிப் பெட்டி, என் காலை ஆராதனைப் புத்தகம் மூன்றையும் நனைத்துவிட்டது. சோர்ந்துவிடவில்லை. வெள்ளிக்குள் ஒன்பது முறை பழகினேன். மூன்று அழுத்தம், நடுவில் ஒரு மூச்சு விட்டுவிட்டு அழுத்தினால் குமிழ் சிறிதாக, நாக்கில் குத்தாமல், ஊற்றுத் தண்ணீர் போலவே வருகிறது. இதைத் தாங்கள் எழுதவில்லை. ஒரு பாட்டிலில் அறுநூறு மில்லி பிடிக்கும். ஒருவருக்கு மூன்று கிளாஸ், மூன்றாவது கிளாஸுக்குள் குமிழ் போய்விடும். இருவருக்கு ஒன்றரை கிளாஸ், போதாது, உடனே எழுந்து இன்னொன்று போட வேண்டும். இந்த அளவைக் கண்டுபிடித்தவர் எத்தனை பேர் உள்ள வீட்டில் வளர்ந்தார் என்று தெரியவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் என் புகார் தங்களுக்குப் புரியாது. ஹெரிபெர்ட் போனபின் இந்த ஊரில் என்னை யாரும் வால்புர்கா என்று கூப்பிடுவதில்லை. மகளுக்கு அம்மா, பேரன்களுக்குப் பாட்டி, டாக்டருக்கும் பாதிரியாருக்கும் ரொட்டிக் கடைக்கும் திருமதி ஹெசிங். பள்ளித் தோழிகளில் கடைசியாக இருந்தவளும் இரண்டு ஆண்டுக்கு முன் போய்விட்டாள். என் பெயர் முழுதாக எழுதியிருக்கும் ஒரே இடம் கணவரின் கல்லறைக் கல். அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் பிறந்த ஆண்டும் ஒரு கோடும். சேர்த்து வெட்டினால் எழுத்து ஒரே மாதிரி இருக்கும் என்றார் கல் வேலைக்காரர், எனக்கும் அது சரியாகப் பட்டது. திரு. வெசல்மன் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது, அவராகக் கேட்கவும் கூடாது. மூத்தவள், அதிலும் பெண், நம் வழக்கப்படி நான்தான் கொடுக்க வேண்டும். கிளாஸோடு கிளாஸ் மோதி, கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு உயிருள்ளவரை பெயர்தான், 'திருமதி' கிடையாது. ஆறு ஆண்டாக ஒவ்வொரு வெள்ளியும் அடுத்த வெள்ளி சொல்லலாம் என்றிருந்தேன். கிரேட் வந்துகொண்டிருந்தது, அவசரம் இல்லை. இப்போது கிரேட் இல்லை, தேர்ந்தெடுக்க மெஷினும் இல்லை, மேலே வர அவருக்கு இனி என்ன காரணம் இருக்கிறது? ஆகவே மார்ச் 14, வெள்ளி, நான்கு மணி என்று முடிவு செய்தேன். திருமணத்துக்குப் பரிசாக வந்த, செதுக்கு வேலை செய்த கண்ணாடிக் கிளாஸ்கள் இரண்டை எடுத்துத் துடைத்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நான் ஒயின் தொடுவதில்லை, ஏழு வயதிலிருந்து எதையாவது விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனவே நானே போட்ட சோடா, மூன்று அழுத்தம், நடுவில் மூச்சு.

"திரு. வெசல்மன், கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

"ஏங்க, எதாச்சும் கொட்டிருச்சா?"

"ஒண்ணும் கொட்டல. கிளாஸ எடுங்க."

எடுத்தார். நான் என்னுடையதை உயர்த்தினேன். "நான் வால்புர்கா" என்றேன். குரல் நடுங்கவில்லை, அதற்கு நான் உத்தரவாதம்.

அவர் முகம் முதலில் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், கற்பனை இல்லை. கிளாஸும் பாதி தூரம் வந்தது. சட்டென்று அதை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார், சாலையில் ஓடிய குழந்தையைப் பிடித்து இழுப்பதுபோல.

"தண்ணியிலயா?"

"தவக்காலம் நடக்குது, மறந்துட்டீங்களா?"

"தண்ணியில வேண்டாங்க. என்னால முடியாதுங்க, திருமதி ஹெசிங்."

கிளாஸை மேசையில் வைத்தார், தொப்பியை எடுத்தார், படியிறங்கிப் போய்விட்டார். ஐம்பத்திரண்டு படியும் கேட்டது. பாட்டிலில் குமிழ் அடங்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன், தாங்கள் கொடுத்த மதிப்பெண்ணைவிட அதிக நேரம் நிற்கிறது.

தண்ணீர் கிளாஸை மோதினால் எதிரில் இருப்பவர் சாக வேண்டும் என்று அர்த்தமாம். உல்ரிகெ போனில் சொன்னாள். "ஊரே சொல்லுதே அம்மா, உனக்கு மட்டும் தெரியாதா?" தெரியும். மாலுமிகள் கட்டிவிட்ட கதை, சிஸ்டர் கனீசியா காதிலேயே வாங்கமாட்டார். முப்பது ஆண்டு பஸ் ஓட்டியவர், பதின்மூன்றாம் எண் வழித்தடத்தையும் ஓட்டியவர், அதை நம்புவாரா? அது சாக்கு. வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்ல மனிதருக்கு ஒரு சாக்கு கிடைத்தது, என் தண்ணீரையே எடுத்துக்கொண்டார். மார்ச் 21 வரவில்லை. 28 வரவில்லை. நேற்றும் வரவில்லை. நேற்று நான்கு மணிக்கு ஒரு பாட்டில் போட்டேன், மூன்று கிளாஸையும் நானே குடித்தேன், மூன்றாவது சப்பென்று இருந்தது. முன்பெல்லாம் கோபமாக இருந்தாலும் கிரேட்டைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், காலி பாட்டில்களை எடுத்துப் போக வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இப்போது சிலிண்டர் ஒன்று, அறுபது லிட்டர் வரும், தீர்ந்தால் நானே கைப்பையில் போட்டுக்கொண்டு போய் மாற்றி வருவேன். யாரும் ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. இதைத்தான் தாங்கள் நிறை என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

எனவே கேட்டுக்கொள்வது: 'இனி கிரேட் தூக்கும் தொல்லை இல்லை' என்ற வரியை அடுத்த இதழில் திரும்பப் பெற வேண்டும். அட்டவணையில் இன்னொரு கட்டம் சேர்த்து, இம்மெஷினால் வீட்டுக்கு யார் வருவது நின்றுபோகும் என்பதையும் பதினோரு மாதிரிகளுக்கும் குறிப்பிட வேண்டும். முப்பது முறைக்கு மேல் பயன்படுத்திய மெஷினைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று தெரிவிக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் இயலாதெனில், ஐம்பத்து நான்கு ஆண்டுச் சந்தாவை வருத்தத்துடன் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தங்களுக்கும் தங்கள் ஊழியர்களுக்கும் உயிர்ப்புப் பெருவிழா நல்ல உடல்நலத்தையும் சரியான எடைக்கற்களையும் தரட்டும்.

மிக்க மரியாதையுடன்,
திருமதி வா. ஹெசிங்

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் மணி அடித்தது. திரு. வெசல்மன். சனிக்கிழமை, பதினொன்றரை மணி. கையில் கிரேட் இல்லை, விளம்பரத் தாள் இல்லை, ஒன்றுமே இல்லை. "என்ன வேணும்?" என்று கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே கேட்டிருப்பேன். "ஒண்ணும் வேண்டாங்க. சும்மா வந்தேன்" என்றார். நம் நாட்டில் சும்மா யாரும் மணி அடிப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். உள்ளே விட்டேன். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். "என் சம்சாரம் ஹன்னெலோரெ ஆஸ்பத்திரில இருந்தப்ப எங்க கல்யாண நாள் வந்துச்சு. அவளுக்குச் சோடாதான் அனுமதி. சரின்னு அதுலயே மோதினோம். ஒன்பதாம் நாள் போயிட்டா. நான் நம்பறவன் இல்லீங்க. ஆனா உங்களோட அத இன்னொரு தடவ செஞ்சு பாக்க எனக்கு தைரியம் இல்ல. மூணு வாரமா இத எப்படிச் சொல்றதுன்னு படியில பாதி வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன்." எனக்கு விதிதான் வாயில் வந்தது, அதைச் சொன்னேன். "ஒயின்னா ஈஸ்டருக்கு அப்புறம்தான், இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு." "இருக்கட்டுங்க, திருமதி ஹெசிங்" என்று சொல்லிவிட்டு மெதுவாக இறங்கினார்.

ஆகையால் மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். அந்த வரி அப்படியே இருக்கட்டும், கட்டம் தேவையில்லை, சந்தா தொடரும். அவர் இறங்கிப் போனபின்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தவக்காலம் நாற்பது நாள் என்று சிஸ்டர் கனீசியா விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தபோது ஞாயிற்றுக்கிழமைகளை மடக்கவே இல்லை, அவை கணக்கில் சேராதவை. எழுபத்து மூன்று ஆண்டாக அந்தச் சலுகையை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை, அது சோம்பேறிகளுக்கு என்று நினைத்திருந்தேன். நாளை ஞாயிறு. நிலவறையில் ஹெரிபெர்ட் வாங்கி வைத்த வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் இருக்கிறது, பதினாறு ஆண்டுப் பழையது, கெட்டிருக்குமா என்று தங்கள் ஆய்வுக்கூடத்தைக் கேட்கலாம் என்றுதான் இந்தப் பின்குறிப்பைத் தொடங்கினேன். ஆனால் இக்கடிதம் தங்களுக்கு வந்து சேரச் செவ்வாய் ஆகிவிடும். பதில் வேண்டாம். இந்தச் சோதனையை நாளை நானே இரண்டு கிளாஸோடு தரைத்தளத்துக்குப் போய்ச் செய்துகொள்கிறேன்.